வீடு திரும்பியவனின் மேடை: மார்வின் கே, வாஷிங்டன், 1972



நாம் இன்று நினைவுகூரும் தோழர் எந்தக் கூட்டத்துக்கு வந்தாலும் கடைசி வரிசையில்தான் உட்காருவார். முன்னால் வாருங்கள் என்று அழைத்தால், “மேடையில இருக்கறவன் என்ன பேசுறான்னு முன்னால இருந்தா தெரியும். சனம் என்ன நினைக்குதுன்னு பின்னால இருந்தாத்தான் தெரியும்” என்பார். அதனால் இந்த ஆண்டு உரையை ஒரு கலைஞரைப் பற்றியதாக மட்டும் வைக்காமல், ஓர் இசை நிகழ்ச்சியையும் அதைக் கேட்டவர்களையும் பற்றியதாக வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம்.

1972 மே 1. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டன். அந்த நகரம் அன்றைய நாளை ‘மார்வின் கே நாள்’ என்று அறிவித்திருந்தது. மார்வின் கே அந்த ஊர்க்காரர். அவருக்கு நகரின் சாவி வழங்கப்பட்டது. மாலையில் கென்னடி மையத்தில் கச்சேரி. முந்தைய ஆண்டு மே மாதம் வெளியாகி, கறுப்பின மக்களின் வீடுதோறும் சுழன்றுகொண்டிருந்த ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ என்ற இசைத்தொகுப்பை அவர் அன்றுதான் தன் சொந்த ஊர் மக்கள் முன் மேடையில் பாடினார்.

அந்தக் கச்சேரியின் ஒலிப்பதிவு வெளிவர 29 ஆண்டுகள் ஆயின. தொகுப்பின் முப்பதாம் ஆண்டையொட்டி 2001இல் வந்த இரட்டைக் குறுந்தகட்டில் அது இருந்தது. பிறகு 2019இல் தனியாகவும் வெளியிட்டார்கள். நாங்கள் முதுகலை படித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு நண்பர் வழியாக நகல் தட்டு ஒன்று கிடைத்தது. விடுதி அறையில் ஒரு கட்டிலில் ஐந்து பேர், ஒரு பழைய கணினி, அதன் இரண்டு சிறிய ஒலிபெருக்கிகள். எங்களில் பாதிப் பேருக்குப் பாட்டின் ஆங்கிலம் பிடிபடவில்லை. ஆனால் கூட்டத்தின் சத்தம் எல்லோருக்கும் புரிந்தது. கைதட்டல் எங்கே எழுகிறது, எங்கே அடங்குகிறது என்று கவனிப்பது எங்களுக்கு ஒரு விளையாட்டாகவே ஆனது. இந்த உரையின் விதை அந்த அறையில் விழுந்ததுதான்.

முதலில் தொகுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்பது பாடல்கள், மொத்தம் 35 நிமிடம் அளவுக்கு. ஒரு பாடல் முடிவதும் அடுத்தது தொடங்குவதும் தெரியாதபடி ஒரே நூலில் கோத்தது. வியட்நாம் போரிலிருந்து வீடு திரும்பும் ஒரு கறுப்பின இளைஞன் தன் தெருவைப் பார்க்கிறான் என்பதுதான் அந்த நூல். வேலை இல்லை. நண்பர்கள் ஹெராயினில் கிடக்கிறார்கள். காவல்துறை அடிக்கிறது. ஆறும் காற்றும் கெட்டுக் கிடக்கின்றன. அரசு விண்கலத்துக்குப் பணம் கொட்டுகிறது. வரி கட்ட முடியாதவன் சேரியில் மூச்சுத் திணறுகிறான். (‘கெட்டோ’ என்ற சொல்லுக்கு அகராதி தரும் எந்தச் சொல்லையும்விட ‘சேரி’ நெருக்கமானது என்பது எங்கள் கட்சி. மறுப்போர் மறுக்கலாம்.)

தலைப்புப் பாடலுக்கு வித்திட்டவர் ஃபோர் டாப்ஸ் குழுவின் ரெனால்டோ பென்சன். 1969 மே மாதம் பெர்க்லியில் மக்கள் பூங்காவுக்காகப் போராடிய இளைஞர்களைக் காவல்துறை தாக்கியதைப் பார்த்தவர். பாடலாசிரியர் அல் கிளீவ்லண்டும் மார்வினும் சேர்ந்து அதை வளர்த்தார்கள். மார்வினின் தம்பி ஃபிராங்கி வியட்நாமிலிருந்து எழுதிய கடிதங்கள் மீதியைத் தந்தன. மோட்டவுன் நிறுவனத்தின் தலைவர் பெர்ரி கார்டிக்கு இந்தப் பாட்டு பிடிக்கவில்லை. அவரும் கறுப்பர்தான் என்பதை மறந்துவிட வேண்டாம். வெள்ளை வீடுகளின் வரவேற்பறைக்குள் கறுப்பர் இசையைக் கொண்டுபோய்ச் சேர்த்த வணிகர் அவர். அந்த வரவேற்பறையில் போரைப் பற்றியும் போலீசைப் பற்றியும் பேசினால் கதவு சாத்தப்படும் என்று அஞ்சினார். 1971 ஜனவரியில் தலைப்புப் பாடல் தனியாக வெளிவந்து விற்றுத் தள்ளிய பிறகே முழுத் தொகுப்புக்கும் வழி பிறந்தது.

ஒலிப்பதிவில் நடந்த இரண்டு விஷயங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மேடையைப் புரிந்துகொள்ள இவை இரண்டும் தேவை. தலைப்புப் பாட்டு தொடங்கும்போது பல ஆண்கள் ஒருவரையொருவர் நலம் விசாரித்துக்கொள்ளும் பேச்சொலி கேட்கும். ஏதோ ஒரு வீட்டில் விருந்து நடப்பதுபோல. அது அரங்கில் ஏற்பாடு செய்து பதிந்தது. டெட்ராய்ட் லயன்ஸ் கால்பந்து அணியைச் சேர்ந்த மெல் ஃபார், லெம் பார்னி ஆகியோரும் நண்பர்களும் வந்து பேசினார்கள். இன்னொன்று, மார்வினின் குரல். இருவேறு முறை பாடிப் பதிந்த அவரது குரல்களை ஒலிப்பதிவாளர் தற்செயலாக ஒரே நேரத்தில் ஒலிக்கவிட்டார். அது மார்வினுக்குப் பிடித்துப்போயிற்று. அதன்பின் தொகுப்பு முழுக்க ஒரு மார்வின் பாடுவார், இன்னொரு மார்வின் பதில் சொல்வார். ‘சேவ் த சில்ட்ரன்’ பாட்டில் ஒருவர் பேசுகிறார், அதையே மற்றவர் பாடுகிறார், இருவரும் அவரே.

அதாவது, தட்டில் கேட்கும் கூட்டம் செய்துவைத்த கூட்டம். பதில் சொல்லும் குரலும் அவருடையதே. ஒரு மனிதன் தனியறையில் உட்கார்ந்து தனக்கு ஓர் ஊரைக் கற்பனை செய்துகொண்டான். ஆனால் மேடையில் ஒருவருக்கு ஒரு தொண்டைதான். இரண்டாவது மார்வினுக்கு அங்கே இடமில்லை. அந்தப் பதிலை யார் சொல்வது?

இதற்குள் போகுமுன் அந்த ஊரைப் பற்றிப் பேசியாக வேண்டும். நம் மாணவ நண்பர்கள் வாஷிங்டன் என்றால் வெள்ளை மாளிகை என்று நினைத்துக்கொள்கிறார்கள். 1970 கணக்கெடுப்பில் அந்த நகரத்தின் மக்களில் நூற்றுக்கு 71 பேர் கறுப்பர். 1972இலும் அவர்களுக்குத் தங்கள் மேயரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. மேயராக இருந்த வால்டர் வாஷிங்டன் கறுப்பர்தான். ஆனால் குடியரசுத் தலைவரால் நியமிக்கப்பட்டவர். வாக்குப் போட்டு மேயரைத் தேர்ந்தெடுப்பது 1974இல்தான் நடந்தது. நகரின் சாவியைத் தூக்கிக் கொடுத்த நகரத்துக்கே தன் வீட்டுச் சாவி கையில் இல்லை.

மார்வின் பிறந்தது 1939 ஏப்ரல் 2. சரியாக ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறன்று, அதே ஊரில் லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று மேரியன் ஆண்டர்சன் பாடினார். கேட்க வந்தவர்கள் 75,000 பேர். இந்தக் கதையின் பெருமிதமான பாதியை எல்லோரும் சொல்வார்கள். ஐரோப்பாவே கொண்டாடிய அந்தப் பாடகிக்கு ‘அமெரிக்கப் புரட்சியின் மகள்கள்’ அமைப்பு, கறுப்பர் என்பதற்காகத் தன் கான்ஸ்டிடியூஷன் மண்டபத்தை மறுத்தது, எலினார் ரூஸ்வெல்ட் அந்த அமைப்பிலிருந்து விலகினார், திறந்தவெளிக் கச்சேரி வரலாறானது என்பது அது. சொல்லப்படாத இன்னொரு பாதி உண்டு. மண்டபம் இல்லை என்றானதும் ஏற்பாட்டாளர்கள் சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளியின் அரங்கத்தைக் கேட்டார்கள். அது வெள்ளையர் பள்ளி. கல்வி வாரியம் முதலில் மறுத்தது. எதிர்ப்பு கிளம்பியதும் இறங்கிவந்து, ஒரே ஒருமுறை தருகிறோம், இதை முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது என்று நிபந்தனை போட்டது. கடைசியில் அங்கும் அவர் பாடவில்லை.

அந்தப் பள்ளிக் கட்டடத்துக்குப் பிறகு என்ன ஆயிற்று தெரியுமா? வெள்ளைப் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தது, கறுப்பர் பள்ளிகளோ நெரிசலில் பிதுங்கின. 1950இல் அந்தக் கட்டடம் கறுப்பினப் பிள்ளைகளின் கார்டோசோ பள்ளிக்கு மாறியது. அந்த ஊர்ப் பள்ளிகளில் இனப் பிரிவினை சட்டப்படி ஒழிய இன்னும் நான்கு ஆண்டு இருந்தது. மார்வின் கே அந்தக் கார்டோசோவில்தான் படித்தார். படிப்பை முடிக்காமல் விமானப்படைக்கு ஓடிப்போனார். 1972 மே 1 அன்று, மாலைக் கச்சேரிக்கு முன்னால், அதே கார்டோசோவுக்குப் போய் மாணவர்களிடம் பேசினார். மேரியன் ஆண்டர்சனுக்குக் கதவடைத்த கட்டடத்தில், அவர் படிகளில் நின்று பாடியபோது ஏழு நாள் குழந்தையாக இருந்தவர், 33 வயதில் விருந்தினராக நிற்கிறார். மார்வினின் வாழ்க்கைக் கதைகளில் இந்த இணைப்பு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. எங்களுக்கோ கச்சேரியைவிட இது பெரிதாகப் பட்ட நாட்களும் உண்டு.

அந்த மாணவர்கள் எந்தத் தெருவில் நடந்து பள்ளிக்கு வந்தவர்கள்? பள்ளியை ஒட்டி ஓடுவது 14ஆம் தெரு. 1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட இரவில் கொந்தளித்து எரிந்த தெரு அது. நான்கு ஆண்டுகள் ஆகியும் எரிந்த மனைகள் வெற்றிடமாகக் கிடந்தன. கறுப்பர் கலைஞர்களின் தாய்வீடாக 1910 முதல் விளங்கிய ஹோவர்ட் தியேட்டர் அந்தத் தீக்குப் பின் நலிந்து மூடப்பட்டிருந்தது. மார்வின் வளர்ந்த தென்மேற்குப் பகுதி அதற்கும் முன்பே, ‘நகரப் புதுப்பிப்பு’ என்ற பெயரில் இடித்துத் தள்ளப்பட்டிருந்தது. அவருடைய குடும்பம் நகரின் கிழக்கு ஓரத்தில் கட்டப்பட்ட அரசுக் குடியிருப்புக்குப் போனது. கண்ணகி நகர் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கென்னடி மையமோ 1971 செப்டம்பரில் திறக்கப்பட்டது. பொட்டோமாக் ஆற்றங்கரையில் வெள்ளைச் சலவைக்கல் மாளிகை. லிங்கன் நினைவகத்திலிருந்து நடந்துபோகும் தூரம். அந்த வட்டாரத்தின் பெயர் ஃபாகி பாட்டம். எரிவாயு ஆலையின் புகையில், சந்துகளில், கறுப்பின உழைப்பாளிகள் குடியிருந்த இடம். நிலத்தின் விலை ஏற ஏற அவர்கள் வெளியேறினார்கள். அந்த மண்ணின் ஓரத்தில் எழுந்த அரங்கத்துக்கு, நகரின் மறு ஓரத்துக்குத் தள்ளப்பட்டவர்கள் நல்ல உடை உடுத்திக்கொண்டு அந்த மாலை வந்து அமர்ந்தார்கள். மார்வினின் தாய் அல்பெர்ட்டாவும் கூட்டத்தில் இருந்தார்.

மார்வின் மேடையை விட்டு ஒதுங்கியிருந்த காலம் அது. 1967இல் அவருடன் பாடிக்கொண்டிருந்த டாமி டெரல் மேடையிலேயே அவர் கையில் சரிந்தார். மூளையில் கட்டி. 1970 மார்ச்சில், 24 வயதில் இறந்தார். அதன் பிறகு மேடை என்றாலே மார்வினுக்கு ஒவ்வாமையாகிவிட்டது. கென்னடி மையத்துக்கும் எளிதில் சம்மதிக்கவில்லை.

ஒலிப்பதிவு அறுபதுகளின் பாடல்களோடு தொடங்குகிறது. பதின்மூன்று நிமிடப் பாட்டுக் கதம்பம். டாமியோடு பாடிய காதல் பாட்டுகளும் அதில் வருகின்றன. உள்ளதைச் சொல்வதென்றால் இந்தப் பகுதி சுமார்தான். குரல் இடம் தேடுகிறது, பாட்டுகள் அவசரமாகக் கைமாறுகின்றன. எங்கள் அறையில் ஒருவர், “கல்யாண வீட்டு ஆர்கெஸ்ட்ரா மாதிரி இருக்கு” என்று எழுந்தே போய்விட்டார். ஆனால் கூட்டம் மகிழ்கிறது. தெரிந்த பாட்டு, தெரிந்த பையன். எங்களுக்கு அது பிறகுதான் உறைத்தது. அவர் அவர்களிடம் அனுமதி வாங்கிக்கொண்டிருந்தார்.

பிறகு தொகுப்பு. தட்டின் வரிசையை அவர் புரட்டிப் போட்டார். இரண்டாம் பக்கத்துப் பாடல்கள் முதலில் வருகின்றன. ‘இன்னர் சிட்டி ப்ளூஸ்’ என்னும் சேரிப் பாட்டு முடிந்த பிறகே தலைப்புப் பாடல். தட்டில் 35 நிமிடம் கேட்டு முடித்தபின் எஞ்சும் கசப்பை இங்கே முன்னால் வைத்துவிட்டு, அதன்மேல் நின்றுகொண்டு, என்ன நடக்கிறது இங்கே என்ற கேள்வியைக் கேட்கிறார். தட்டில் ஐந்தரை நிமிடத்துக்குள் முடியும் ‘இன்னர் சிட்டி ப்ளூஸ்’ மேடையில் ஒன்பது நிமிடம் நீள்கிறது. ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் கிடார் தரையை இழுத்துக்கொண்டு போகிறது. மார்வின் ஒரு சொல்லை விடுகிறார், பின்பாட்டுக்காரர்கள் வாங்குகிறார்கள், அரங்கத்திலிருந்து கூவல் எழுகிறது. கறுப்பர் தேவாலயத்தில் போதகர் சொல்ல சபை பதில் சொல்லும் முறை இது. மார்வினின் தந்தை போதகர்; சிறு வயதில் அவர் பாடிப் பழகியதும் அங்கேதான்.

இங்கேதான் எங்கள் ஐந்து பேருக்கும் சண்டை வந்தது. இருவர், தட்டுதான் உயர்ந்தது, அதில் இருக்கும் அடுக்கு மேடையில் இல்லை, குரல் மெலிந்து கேட்கிறது என்றார்கள். இசையை மட்டும் வைத்துப் பார்த்தால் அவர்கள் சொன்னது சரி. இன்றும் பெரும்பாலான ரசிகர்களின் தீர்ப்பு அதுதான். மற்ற மூவருக்கு வேறொன்று பட்டது. தட்டில் அவரே அவருக்குச் சொல்லிக்கொண்ட பதில் இங்கே வெளியிலிருந்து வருகிறது. கால்பந்து வீரர்களை வரவழைத்துச் செய்த போலி விருந்துக்குப் பதில், நிஜ ஊர் எதிரில் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கேள்வி யாருடைய தெருவைப் பற்றியதோ அவர்கள் காதிலேயே விழுகிறது. அவர்கள் அதைத் துக்கமாக வாங்கவில்லை, ஆரவாரத்தோடு வாங்குகிறார்கள். தங்கள் வேதனையைக் கேட்டு ஒரு மக்கள் ஏன் ஆரவாரிக்கிறார்கள் என்று சமூகவியல் வகுப்பில் யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. சாவு வீட்டில் பறைக்கு ஆடுகிறவர்களைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அதில் புதிராக ஒன்றும் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் ஒரு நகரத்தில் பறையிசை நிகழ்வுக்கு அரங்கம் ஒன்றைக் கேட்டோம். முன்பணம் கட்டி, அழைப்பிதழும் அச்சடித்தாயிற்று. அழைப்பிதழைப் பார்த்த பிறகு பொறுப்பாளர் கூப்பிட்டார். “உள்ளே அடிக்க வேண்டாமே. வாசல்ல வரவேற்புக்கு நல்லா அடிச்சுக்குங்க, நாங்க ஒண்ணும் சொல்லல. மேடையில வேற ஏதாவது வைங்க.” குரலில் கோபம் இல்லை, மரியாதைகூட இருந்தது. கல்வி வாரியத்தின் நிபந்தனையை நாங்கள் அன்றுதான் முழுசாகப் புரிந்துகொண்டோம். நிகழ்வை ஒரு பள்ளத்தெருவின் முனையில் நடத்தினோம். கூட்டம் அரங்கம் கொள்ளாத அளவு வந்தது. அன்றிரவே எங்களுக்குள் வாக்குவாதம். அவர்கள் அரங்கத்துக்கு நாம் ஏன் போக வேண்டும், தெருதான் நம் மேடை, 75,000 பேர் கூடியதும் படிகளில்தானே என்றார் ஒரு தோழர். “மழை பெஞ்சா தெருவுல நனையறது நாமதானே அண்ணே” என்றார் பறையடித்த தங்கை ஒருவர். குளிரூட்டிய இடத்தில், எதிரொலிக்காத சுவருக்குள், தன் அடி தனக்கே துல்லியமாகக் கேட்கும்படி ஒருமுறை வாசிக்க ஆசை என்றார். அதற்கு எங்களில் யாரிடமும் மறுமொழி இல்லை. 2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு முதன்முதலாக மேடை ஏறியபோதும் எங்களில் பலர் பாட்டைவிட மேடையின் அகலத்தைத்தான் வியந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆனால் அரங்கத்துக்குள் போவதோடு கதை முடிவதில்லை என்பதையும் அதே 1972 சொல்கிறது. அந்த மேடையில் வாசித்தவர்கள் டெட்ராய்டிலிருந்து வந்த ஃபங்க் பிரதர்ஸ் கலைஞர்கள். பத்தாண்டுகளுக்கு மேலாக மோட்டவுனின் வெற்றிப் பாடல்களுக்கெல்லாம் வாசித்தும் உறைகளில் பெயர் இல்லாதவர்கள். அவர்கள் பெயரை முதன்முதலாக உறையில் அச்சிட்ட மோட்டவுன் தொகுப்பு ‘வாட்ஸ் கோயிங் ஆன்’. பெயர் வந்த மறு ஆண்டே, கச்சேரி முடிந்த சில வாரங்களில், நிறுவனம் லாஸ் ஏஞ்சல்சுக்குக் குடிபெயர்ந்தது. ஒலிப்பதிவுக்கு வந்த கலைஞர்கள் கதவில் ஒட்டிய அறிவிப்பைப் பார்த்துத்தான் செய்தியைத் தெரிந்துகொண்டார்கள். ஜேமர்சன் 1983இல், குடியில் சிதைந்து, பெரும்பாலான ரசிகர்களுக்குப் பெயர் தெரியாதவராகவே செத்தார். பாடகருக்கு நகரின் சாவி கிடைத்த வசந்தத்தில் வாத்தியக்காரர்களுக்குப் பூட்டிய கதவு. நம் நிகழ்ச்சிகளின் அழைப்பிதழ்களில் பறைக்காரர்களின் பெயர் தனித்தனியாக அச்சாகிறதா, ‘பறையிசைக் குழுவினர்’ என்று ஒரே சொல்லில் முடிகிறதா? இன்றைய அழைப்பிதழையும் எடுத்துப் பாருங்கள். எங்கள் தவறுதான்.

நமக்கும் அவர்களுக்கும் என்ன உறவு என்று கேட்பவர்கள் உண்டு. அண்ணல் அம்பேத்கர் 1946இல் டபிள்யூ. இ. பி. டு பாய்சுக்குக் கடிதம் எழுதினார். ஐக்கிய நாடுகள் அவையில் கறுப்பர் வைத்த முறையீட்டின் நகலைக் கேட்டு. மார்வின் பாடிய அதே 1972இல் பம்பாயில் நாம்தேவ் டசாலும் ஜே. வி. பவாரும் தோழர்களும், அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளின் பெயரைத் தமதாக்கித் தலித் பேந்தர்ஸ் இயக்கத்தைத் தொடங்கினார்கள். அந்தப் பெயர் தமிழ் மண்ணுக்கு வந்து என்னவாயிற்று என்பது இந்த அவையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

பதிவின் கடைசிப் பகுதியைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறோம். தொகுப்பின் பாடல்கள் ஓய்ந்ததும் மார்வின் கூட்டத்தோடு சிறிது பேசுகிறார். அதன்பின் ‘இன்னர் சிட்டி ப்ளூஸ்’ மறுபடியும், தலைப்புப் பாடல் மறுபடியும். தொடக்கக் கதம்பத்தின் கூச்சம் இப்போது இல்லை. எழுந்துபோன நண்பர் இந்தப் பகுதிக்குத்தான் திரும்பி வந்து கதவோரம் நின்றார்.

தேநீருக்குப் பிறகு அந்த இரண்டு பாடல்களையும் இங்கே ஒலிக்கவிடுகிறோம். ஒலிபெருக்கி சிறியது. பின்வரிசைத் தோழர்கள் கொஞ்சம் முன்னால் வந்து உட்காருங்கள்.